எங்க இருக்கு அந்த நாய்?

அக்பர் பாலத்தில் நின்று பார்த்தால் மகாவலி அப்படியொன்றும் பயங்கரமாகத் தெரியாது. கெம்பஸுக்கு வந்த புதிதில் அதில் நின்று நாங்கள் எடுக்காத போட்டோ இல்லை. மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஒரு போயா லீவுக்கு அடுத்த நாள் விடியக்காலையில் அம்மா கோல் பண்ணினாங்க.

"பக்கத்துக் காம்பரா மாமா மகன் ஆத்துல போயிட்டானாம். பேராதனைப் பக்கம்தானாம். நீ அங்கதானே இருக்க, போய்ப் பாரு."

அவனுக்குப் பத்தொன்பது வயசு. கண்டி டவுனில் ஒரு கடையில் வேலை. லீவு நாளில் கூட்டாளிமாரோடு குளிக்க இறங்கியிருக்கிறான்.

நான் போனபோது மாமா கரையில் குந்தியிருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார், கோயில் வாசலில் வைப்பதுபோல. மேலே மலையில் மழை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. சுழியோடிகள் இறங்கி ஏறி, இறங்கி ஏறி... உள்ளே போனால் நீட்டின கையே தெரியாதாம். தடவித்தான் தேடணும்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். சும்மா நிற்க முடியாமல் வாயில் வந்தது.

"இதுக்கெல்லாம் நாய் இருக்கு மாமா. தண்ணிக்குள்ள இருந்தாலும் மோப்பம் புடிச்சிரும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மா இருக்கு அந்த நாய்?"

உண்மையில் எனக்குத் தெரிந்தது குவியை மட்டும்தான். 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி ராத்திரி, கேரளாவில் மூணாறுக்கு அங்கால பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. எழுபது பேர். அநேகமாக எல்லோரும் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களின் பிள்ளைகள். கொஞ்சப் பேரைக் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு, லயத்தில் வளர்ந்த குவி என்ற நாய் ஆற்றங்கரையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. தேடினவர்கள் அதைக் கவனித்துப் போய்ப் பார்த்தால், மரக்கிளையில் சிக்கியபடி அந்த வீட்டு இரண்டு வயதுக் குழந்தை. வட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்தபோது எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். அம்மா பின்னால் இருந்ததைப் பார்த்து, "நம்ம லயம் மாதிரியே இருக்குடி" என்றாங்க. மீரியபெத்த சரிந்து அப்போது ஆறு வருஷம்கூட ஆகவில்லை.

குவி அழுதது, குழந்தையைத் தேடி அலைந்தது என்றெல்லாம் எழுதினார்கள். நாய் என்ன நினைத்தது என்று எழுதினவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு பொலிஸ் நாய்ப் படையில் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் அந்தக் குழந்தையின் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

குவிக்கு யாரும் பழக்கவில்லை. பழக்கின நாய்கள் எப்படி வேலை செய்யும் என்று அன்று ராத்திரி ஹோலில் படுத்துக்கொண்டு போனில் தேடித் தேடி வாசித்தேன். தண்ணீருக்குள் போன உடல் முதலில் அடிக்குப் போகும். ஆனால் வாசனை அடியில் நிற்காது. உடம்பிலிருந்து கசியும் வாயுவும் எண்ணெய்ப் பசையும் தண்ணீரைவிட லேசு. மெல்ல மேலே வந்து, மேற்பரப்பில் உடைந்து, காற்றோடு போகும். நாயைப் படகின் முனையில் இருத்தி, எஞ்சினைக் குறைத்து, காற்றுக்குக் குறுக்கே நெளிந்து நெளிந்து போவார்கள். மணம் பட்டதும் அது குரைக்கும், படகைப் பிறாண்டும், சில நாய்கள் தண்ணீரையே கடிக்கப் பார்க்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வேறு திசையிலிருந்து திரும்ப வருவார்கள். முடிந்தால், முதல் நாய் எங்கே குரைத்தது என்று தெரியாத இன்னொரு நாயையும் கொண்டுவருவார்கள்.

ஆனால் நாய் காட்டுவது மணம் மேலே வந்த இடத்தை மட்டும். ஓடுகிற ஆற்றில் அது உடல் கிடக்கிற இடம் இல்லை. மேலே எழும்புவதற்குள் நீரோட்டம் மணத்தைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும். எவ்வளவு தூரம் என்று அந்த ஆற்றைத் தெரிந்த ஒரு ஆள்தான் சொல்லணும்.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டாம் நாளும் கேட்டார். "அந்த நாய் வருமாம்மா?" எங்கே கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்ட இரண்டு மூன்று இடத்திலும், பார்ப்போம் என்றார்கள். பொலிஸ் நாய்கள் கண்டியிலேயே, அஸ்கிரியவில் இருக்கின்றன. சின்ன வயதில் ஸ்கூல் டிரிப்பில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை போதைப்பொருளுக்கும் குண்டுக்கும் களவுக்கும் பழக்கினவை. குண்டு தேடுகிற நாயைப் படகில் ஏற்றினால் அது வேடிக்கைதான் பார்க்கும். அது நாயின் குற்றம் இல்லை, வளர்க்கிறவர்கள் குற்றமும் இல்லை. வேலை வேறு.

"அவன் அம்மா மொகத்தப் பாக்கணும். பாக்குற மாதிரி இருக்கும்போதே எடுத்துரணும்மா" என்றார் மாமா. அவருக்கு அவசரம் அதுதான். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. கடைசியில் பெட்டியைத் திறக்காமல்தான் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள் பின்னேரம் மணல் அள்ளுகிற ஒரு பெரியவர் வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிங்களத்தில்தான் பேசினார். மாமாவுக்கு அவ்வளவாக விளங்காது, நான்தான் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அடித்துக்கொண்டு போயிருக்காது, இறங்கின இடத்துக்குக் கிட்டத்தான் ஒரு குழியில் இருப்பான், ஊதினால்தான் மேலே வருவான், மலைத் தண்ணி குளிர், அதனால் சுணங்குது என்றார். "எந்தக் குழி?" என்று கேட்டேன். கையை அகல விரித்துக் காட்டினார். அந்த வளைவு முழுக்கக் குழிதானாம். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "எல்லாம் நாங்கள் தோண்டினதுதான் மகள்" என்றார். அதை மட்டும் நான் மாமாவுக்குச் சொல்லவில்லை.

ஒரு நாயும் இந்தப் பெரியவரும் இரண்டாம் நாளே ஒரே தோணியில் போயிருந்தால்? அன்றைக்கு ராத்திரி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இருபது குழி நான்கு குழியாகியிருக்கும். நான்கைத் தடவிப் பார்க்கலாம்.

நான்காம் நாள் காலையில் அவர்தான் கண்டார். கீழே மூங்கில் புதரில் வேரோடு சிக்கியிருந்தது. எல்லாம் முடிந்து வண்டி வரும்வரைக்கும் காத்திருக்கும்போது மாமா எழுந்து, தான் மூன்று நாளாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த மூங்கில்வரை மெதுவாக நடந்தார். நானும் பின்னால் போனேன். இருநூறு அடிகூட இல்லை.

"கேளும்மா அவருகிட்ட" என்றார். "நான் உக்காந்திருந்த எடத்துல இருந்து பாத்தா தெரிஞ்சிருக்குமா?"

கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"தெரியாதாம் மாமா. மூங்கில் மறைக்குமாம்."