ஆலமரத்துக்கு எத்தனை எண்?

திருகோணமலைக் கோட்டை வாயிலைத் தாண்டினால் முதலில் வருவது மான்கள்தான். கையில் பை இருந்தால் மோந்து பார்க்காமல் விடாது. அன்று எங்கள் பைகளில் தின்ன ஒன்றுமில்லை. அளவு நாடா, சாய்வுமானி, இரண்டு ஃபோன், ஒரு பவர்பேங்க். உள்ளே நிற்கும் பழைய மரங்களுக்கு எண் கொடுத்து வரைபடத்தில் ஏற்றும் வேலை. செய்தவர்கள் மூன்று மாணவர்கள். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன்.

போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்துக் கட்டிய கோட்டை இது. ஒல்லாந்தரிடம் போய், 1795இல் பிரித்தானியர் கைக்கு வந்து, 1803இல் பிரட்றிக் கோட்டை ஆனது. வாயிற்கல்லில் உள்ள, குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயர் வரும் கல்வெட்டையும் மீன் சின்னத்தையும் படித்து எழுதியவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்கும் மரத்தை அளந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

இராணுவம் இருக்கிற இடம் என்பதால் ட்ரோன் என்ற பேச்சே எடுக்கவில்லை. எல்லாம் கால்நடைதான். தரையிலிருந்து 1.3 மீற்றரில் நாடாவைச் சுற்ற வேண்டும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப்பக்கத்திலிருந்து. சுற்றளவு 220 சென்ரிமீற்றர் என்றால் 3.14ஆல் வகுத்து விட்டம் 70. உயரத்துக்கு, உச்சி 45 பாகையில் தெரியும்வரை பின்னே நடக்கிறோம். சமதரையில் அந்தத் தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். ஃபோனில் கியூஃபீல்ட் செயலியின் படிவம் திறந்திருக்கும். பெயருக்கு மூன்று கட்டம்: தமிழ், சிங்களம், தாவரவியல். வேம்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிங்கள மாணவி ‘கொஹொம்ப’ என்று தட்டிவிடுவாள்.

முதல் மணி நேரத்திலேயே ஒரு வேம்பு கடலுக்குள் போய் நின்றது. அடர்ந்த கிளைகளுக்குக் கீழே ஜிபிஎஸ் பத்து, பதினைந்து மீற்றர் தவறும். வயல்வெளியில் அது பெரிய பிழையில்லை. இங்கே மலைமுனை ஒடுக்கம், அந்தப் பிழை மரத்தை, கோட்டை நிற்கும் சுவாமி மலையின் விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடும். பிறகு பழைய முறைக்கே திரும்பினோம். வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு சுவர் மூலைகளிலிருந்து நாடா பிடித்து, இரண்டு தூரமும் வெட்டும் இடத்தில் புள்ளி வைத்தோம். ஜிபிஎஸ்ஸைவிடப் பழைய கோட்டைச் சுவரின் மூலை அன்று நம்பகமாக இருந்தது.

எண் தகடு அடிக்கவில்லை. இன்றைய கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் நேர்த்திக்குத் துணியும் தொட்டிலும் கட்டிய மரங்களில் ஆணி வைக்க யாருக்குத் துணிவு வரும்? ஒவ்வொரு மரத்தையும் வடக்கே நின்று ஒரு படம், அவ்வளவுதான்.

ஆலமரத்தில்தான் வேலை நின்றுபோனது. படிவம் ஒரு புள்ளி கேட்கிறது, ஒரு சுற்றளவு கேட்கிறது. ஆலோ விழுதுகளை ஊன்றி நாலாபுறமும் நிற்கிறது. நிலத்தில் ஊன்றிய விழுதுகளை எல்லாம் தனித்தனி மரமாக ஒரு மாணவன் எண்ணத் தொடங்கினான். நிழலில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஐயா சிரித்தார்.

“தம்பி, ஒண்டுதான். கீழ பாக்காதேங்கோ, கொப்பைப் பாருங்கோ.”

நிமிர்ந்து பார்த்தோம். எல்லாத் தூணும் மேலே ஒரே கொப்பில் போய்ச் சேர்ந்தன.

அடிமரத்தைத்தான் அளப்பேன் என்று அடம்பிடிக்கவும் முடியாது. சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் விழுந்தது, மரம் இருக்கிறது. கொல்கத்தாவுக்கு அருகே ஹௌராவின் பேராலுக்கு 1925லேயே தாய்த்தண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதுவும் விழுதுகளில் பரந்து நிற்கிறது. எனவே இங்கே ஒரு மரம், ஒரு எண். கிளைநுனிகளுக்கு நேர் கீழே நடந்து நிழலின் எல்லையை வரைந்தோம். தடித்த விழுதுகளுக்கு 17/1, 17/2 என்று உப எண். அரை நாள் போயிற்று. என்னைக் கேட்டால், அன்று உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மானின் வாய் எட்டும் உயரம்வரை பச்சை இல்லை. நாங்கள் நடந்த பகுதியில் ஒரு மரக்கன்றுகூடப் பதிவாகவில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் இந்த மாவட்டக் கரையைத்தான் கடந்தது. அப்படியொரு காற்றில் விழும் மரத்தின் இடத்தைப் பிடிக்க அங்கே எதுவும் வளரவில்லை. படிவத்தில் ‘வேலி தேவை’ என்று எழுதினோம்.

மரத்தின் வயதுக்கான கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் கோட்டை மரத்தடியில் மானோடு எடுத்த பழைய படம் இருந்தால், தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பின்பக்கத்தில் ஆண்டை எழுதிவையுங்கள்.