பழகிய குளிசை கைவிட்டபோது

மனச்சோர்வு நோய்க்கு நான் மருந்து எடுப்பதை அறிந்தோர் யாழ்ப்பாணத்தில் மிகச் சிலரே. 2011 முதல் காலையில் ஒரு புளுவொக்செற்றின் குளிசை. அது என்னை மகிழ்ச்சிப்படுத்தியதில்லை. விடிந்ததும் எழுந்து, குளித்து, அலுவலகம் போய், இரவு பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் மனிதனாக வைத்திருந்தது. பத்திரிகைக்காரனுக்கு அதுவே போதும்.

2023 மாரியில் அந்தக் குளிசை வேலை செய்யாமற் போயிற்று. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். எழுத அமர்ந்தால் முதல் வரிக்கே ஒரு மணித்தியாலம் கரையும்.

மருந்து கைவிடுவது குடாநாட்டவர்க்குப் புதிதன்று. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் மருந்துக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்தோம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கடைகளில் 'இல்லை' என்ற சொல்லையே அதிகம் கேட்டோம். அப்போதெல்லாம் மருந்து எம்மை வந்தடையவில்லை. இம்முறை குளிசை கையிலிருந்தது, வயிற்றுக்குள்ளும் போனது, மனம் மட்டும் அசையவில்லை. பழிபோட ஒரு பாதையோ அரசாங்கமோ இல்லாத நிலை அது.

செய்தி அறிந்த என் மைத்துனன் ரொறன்ரோவிலிருந்து அழைத்தான். "அத்தான், உங்க குடுக்கிற குளிசை சரியில்லை. நான் இஞ்சயிருந்து நல்லதா வாங்கி அனுப்பிறன்." அனுப்பியும் விட்டான்.

உளமருத்துவர் உடனே மருந்தை மாற்றவில்லை. கிளினிக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டியபடி கேள்விகளை அடுக்கினார். தவறாமல் எடுக்கிறீர்களா? வேறு நோய்க்குப் புதிய மருந்து தொடங்கினீர்களா? மது உண்டா? இடையிடையே காரணமின்றி அளவுமீறிய உற்சாகம் வந்ததுண்டா? வந்திருந்தால் நோயே வேறாக இருக்கலாம், அதற்கான மருந்தும் வேறு. தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரே கேட்டார். சுற்றி வளைக்காத அக்கேள்வி எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அவ்வாண்டுதான் அம்மா காலமானார். ஆகவே இது துக்கமா, நோயா? இரண்டும் ஒன்றாகவே வரும் என்றார் அவர். துக்கத்தைக் குளிசை நீக்காது. நோயைத் துக்கம் என்று விட்டுவைக்கவும் கூடாது.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' நூலை வெளியிட்ட காலந்தொட்டுப் போர் மனத்தில் விட்ட காயங்களைப் பேசி வருகிறோம். பத்து, பன்னிரண்டு வருடம் சிகிச்சையிலிருந்து, அலுத்துப்போய்த் தானே நிறுத்திவிடுபவனைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம். அமுங்கியிருந்த நோயும் மீளலாம்.

முதலில் அளவை 20 மில்லிகிராமிலிருந்து 40 ஆகக் கூட்டினார். ஆறு வாரங்களில் சிறு அசைவு மட்டுமே. பின்னரே சேர்ட்றலீனுக்கு மாற்றம். புளுவொக்செற்றின் நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் உடலில் தங்கும்; சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றியும் விடும். அதனால் 20க்கு இறக்கி, சில நாள் இடைவெளி விட்டு, புதியதைச் சிறு அளவில் தொடங்கினார். இது எனக்கு வகுத்த கணக்கு. வாசிப்போர் தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாற்றினால் குணமாகுமா என்று செய்தியாளனாகவே கேட்டேன். 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், முதல் மருந்து பயன்தராதோரை வேறு மூன்று மருந்துகளில் ஒன்றுக்கு மாற்றிப் பார்த்தார்கள். எதற்கு மாறினாலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே முழுதாகத் தேறினர். அந்த ஆய்வின் கணக்குகளும் பின்னர் கேள்விக்குள்ளாயின. அவர்களோ முதல் மருந்தே பிடிக்காதவர்கள். நான் பன்னிரண்டு வருடம் பிடித்திருந்து விட்டுப்போனவன். எனவே எனக்குப் பொருந்தும் விடை அதில் இல்லை.

முதல் இரு வாரங்கள் குமட்டலும் நடுக்கமுமாகக் கழிந்தன. மனைவியிடம் என்னைக் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் மருத்துவர். அவளும் ஒரு துணை ஆசிரியரின் கண்டிப்போடு கவனித்தாள். எட்டாம் வாரத்தில் ஒருநாள் ஐந்து மணிவரை உறங்கினேன். அன்று மாலை அம்மாவை நினைத்து அழவும் முடிந்தது. அதுவரை அழுகை வந்ததில்லை.

ரொறன்ரோப் பெட்டி அலுமாரியில் கிடக்கிறது. அதிலிருப்பது புரோசாக், அதாவது நான் விட்டுவிட்ட அதே புளுவொக்செற்றின். மைத்துனனுக்கு இன்னும் சொல்லவில்லை.