மூன்று எழுத்தும் வந்த சொல்

ஹொஸ்டலில் கரண்ட் போன ஓர் இரவு. ரூமில் நாங்கள் நாலு பேர். தமிழ் ஸ்பெஷல் செய்கிற யாழ்ப்பாணத் தோழி ஒரு விளையாட்டுச் சொன்னாள். ல, ள, ழ மூன்றும் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும். 'கள்', 'இல்' எதுவும் ஒட்டக்கூடாது.

கேட்க லேசாத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கும் பேச்சில் பழம் 'பளம்'தான், எனக்கும் அப்படித்தான். அளகு, அழகு என்று எழுதிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். காதால் தேடிச் சரிவராது என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியை விரித்தோம்.

'நிழல்கள்' வந்தது. கள் ஒட்டினதால் வெட்டினோம். 'உழைப்பாளி'யில் ல இல்லை. 'முதலாளி'யில் ழ இல்லை. முதலாளியைப் பார்த்ததும் எனக்கு மற்றச் சொல் வந்துவிட்டது. தொழிலாளி. ழி, லா, ளி. மூன்றும் அடுத்தடுத்து.

"எப்பிடியடி டக்கெண்டு பிடிச்சனி?"

"சும்மா வந்துச்சு" என்றேன்.

சும்மா வரவில்லை. அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. சங்கத்துக் கடிதம், தேர்தல் நோட்டீஸ் எல்லாவற்றிலும் பார்த்து வளர்ந்த சொல் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் எந்த ல எங்கே வரும் என்று அம்மாவிடம் கேட்பேன். "எதப் போட்டாலும் வேல ஒண்ணுதான்" என்று சிரிப்பாங்க.

முதலாம் வருடம் பதியும்போது 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. 'சுயதொழில்' என்று போட்டேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்ப்பாளோ என்ற பயம். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நானாகத்தான் ஒளித்தேன். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர் போட்டு, அரைநாள் சம்பளம் தருகிற வேலை அது. அதில் எங்கே 'சுய' இருக்கிறது?

அடுத்த ஆட்டம், இந்த மூன்றில் ஒன்றால் தொடங்கும் சொல். "நன்னூல்படி மூண்டும் சொல்லுக்கு முதல்ல வராது, ஆட்டம் முடிஞ்சுது" என்றாள் தோழி.

"லயம் இருக்கே" என்றேன்.

"சங்கீத லயமோ?"

"இல்ல. லைன் வீடு. 'லைன்'ன்னு இங்கிலீஷ்ல சொன்னத எங்க ஆளுங்க லயம்னு ஆக்கிக்கிட்டாங்க. நான் அங்கதான் வளர்ந்தேன்."

பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். படிவத்தில் எழுதியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அப்ப நீ சொன்ன சொல்லுக்கு அம்மாவுக்குத்தான் புள்ளி" என்று ஒருத்தி கொப்பியில் குறித்தாள். கரண்ட் வரும்வரை மலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படிவத்தில் இன்னும் 'சுயதொழில்'தான் கிடக்கிறது. இனி ஏதாவது விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தால் பிழைவிட மாட்டேன். எந்த ல எங்கே வரும் என்று எனக்குத் தெரியும்.