அத்தைக்கு என்ன தொழில்?

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏதாவது ஒரு வராந்தாவின் கோடியில் "ஆக்குபேஷனல் தெரபி" என்று ஒரு பலகை தொங்கும். கீழே, "தொழில்வழி சிகிச்சை" என்று தமிழிலும் எழுதியிருப்பார்கள். படித்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர், உள்ளே தையலும் கூடை முடைதலும் சொல்லித் தருகிறார்கள் என்று நினைப்பார்கள். மீதிப் பேர், உத்தியோகம் தேடிக் கொடுக்கும் இடம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த அறைக்குப் போகும்படி டாக்டர் சீட்டு எழுதித் தந்தபோது என் அத்தையும், "அறுபத்திரண்டு வயசுக்கு மேலே எனக்கு என்னடி தொழில் சொல்லித் தரப் போறாங்க?" என்றுதான் கேட்டாள்.

அங்கே 'தொழில்' என்பதற்கு அர்த்தமே வேறு. பல் துலக்குவது ஒரு தொழில். தலை வாரிக்கொள்வது, புடைவை கட்டிக்கொள்வது, சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொள்வது, இரவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது எல்லாமே தொழில்தான். டாக்டர் உயிரைக் காப்பாற்றிக் கொடுக்கிறார். இயன்முறை சிகிச்சை அளிப்பவர் மரத்துப்போன கையையும் காலையும் அசைய வைக்கிறார். ஆனால் அசைகிற கை ஒரு தம்ளரைப் பிடித்து வாய்வரை கொண்டுபோக வேண்டாமா? அந்தக் கடைசி ஒரு முழத் தூரத்தைக் கடக்கச் சொல்லிக் கொடுப்பவர்தான் தொழில்வழி சிகிச்சையாளர்.

அத்தை திருவதிகைக்காரி. பண்ணுருட்டியை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். மாமா நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பலாப்பழக் காலம் வந்துவிட்டால், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து, பிசின் ஒட்டாமல் சுளை எடுத்துத் தெரு முழுவதும் கொடுத்து அனுப்புவாள் அத்தை. அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தாள், பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப் போல.

சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. "எங்கேம்மா வலிக்குது?" என்று அவள் கேட்கவில்லை. "எந்த வேலையை நீங்களே செய்யணும்னு ஆசைப்படறீங்கம்மா?" என்று கேட்டாள். அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "என் சோத்தை நானே எடுத்துத் தின்னணும். மருமக ஊட்டறா, பாவம். ஆனா தொண்டையிலே இறங்க மாட்டேங்குது" என்றாள்.

அன்று முதல் அதுவே பாடமாயிற்று. தட்டு நகராதிருக்க அதன் அடியில் ஈரத்துணி விரித்தார்கள். கரண்டிக் காம்பு பிடிக்கு அடங்கும்படி துணியைச் சுற்றிப் பருமனாக்கினார்கள். ரவிக்கை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன சூட்சுமம் தெரியாமல் தினமும் காலையில் மாமியாரும் மருமகளும் ரவிக்கையோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள்! முன்பக்கக் கொக்கிகளை எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைக்கச் சொன்னாள் அந்தப் பெண். காய் நறுக்குவதற்கு ஒரு பலகை. அதில் துருப்பிடிக்காத ஆணி இரண்டு, கூர் மேலே தெரியும்படி. உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்திவிட்டால் ஒரு கையாலேயே தோல் சீவலாம். குளியலறைச் சுவரில் கைப்பிடி. உட்கார்ந்து குளிக்க முக்காலி. எல்லாம் நாலு பேர் வீட்டில் கிடைக்கிற சாமான்கள். அதற்குத் தேவைப்படுவது பணத்தைவிட யோசனைதான்.

மிகவும் கடினமான பாடம் அத்தைக்கல்ல, அவள் மருமகளுக்கு! "அவங்க சிந்தினாலும் சிந்தட்டும். நீங்க கைகொடுக்க ஓடி வராதீங்க" என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு வாய்ச் சோறு தட்டிலிருந்து உதட்டுக்கு வர ஐந்து நிமிஷம் ஆகும். பாதி மடியில் விழும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசா? அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "மாமியாரைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறாள்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மருமகள் சமையலறைக்குள் போய் அழுதாள். மறுநாள் அத்தையே எதிர்வீட்டம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் கண்ணெதிரே ஓர் இட்டிலியைத் தானே பிட்டுத் தின்று முடித்தாள். கால் மணி நேரம் பிடித்தது. "இது அவ எனக்குக் கொடுத்த பிச்சை" என்றாள், மருமகளைக் காட்டி.

வலது கை பழையபடி முழுவதும் திரும்பவில்லை. தட்டைப் பிடித்துக்கொள்ளும், மற்றதை இடது கை பார்த்துக்கொள்கிறது. ஆனால் அத்தை இப்போது யாரையும் ஊட்டச் சொல்வதில்லை.

திருவதிகையில் இந்தச் சங்கதி நடந்ததில் எனக்கு ஒரு தனி வியப்பு. ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், தமக்கை திலகவதியாரை நாடி வந்து குணமடைந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் தலம் இது. வலி தீர்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. உழவாரத்தைக் கையில் எடுத்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். நோய் தீர்ந்தது பாதிக் கதைதான். கைக்கு ஒரு வேலை கிடைத்தது மீதிக் கதை.

அந்த மீதிக் கதையை நம் நாட்டு வைத்தியசாலைகள் கற்றுக்கொண்டதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். பலமுள்ள தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைக்கும் முறை அது. ஆனால் விரல் நிமிர்ந்தால் போதுமா? புதிதாக இணைத்த நாணுக்கு அதன் புதிய வேலையைப் பழக்க வேண்டும். குணமான ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகளைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் தருவதில்லை என்று முறையிட்டாராம். அப்படிப்பட்டவர்களுக்காகவே அங்கே நவஜீவ நிலையம் எழுந்தது. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள்.

அதே வேலூரில், 1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. இதற்கெல்லாம் முறையான படிப்பு வேண்டும் என்று 1950-லேயே பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பள்ளியைத் தொடங்கியவரும் ஒரு பெண்மணிதான்: அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட கமலா நிம்ப்கர். இன்று இது பட்டப்படிப்பு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்தத் துறையினரையும் சேர்த்து ஒழுங்குபடுத்துகிறது.

பக்கவாதத்துக்கு மட்டுந்தான் இவர்கள் என்பதில்லை. பேனா பிடிக்கத் திணறும் குழந்தை, தீக்காயத்தில் விரல் ஒட்டிப்போனவர், மனநோயிலிருந்து மீண்டு அன்றாட வாழ்வுக்குத் திரும்புகிறவர், அடிக்கடி தடுக்கி விழும் முதியவர் என்று எத்தனையோ பேருக்கு இவர்கள் துணை வேண்டியிருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதாயிருந்தால், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். "இவர் இனித் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ள யார் சொல்லித் தருவார்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் உங்கள் கை துறுதுறுக்கும். உதவிக்கு ஓடச் சொல்லும். ஆபத்தென்றால் ஓடுங்கள். இல்லையென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொறுத்திருங்கள். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். ஊட்டுவது அன்புதான்; ஊட்டாமல் காத்திருப்பது அதைவிடப் பெரிய அன்பு.