ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்!

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் பட்டிமன்றம். ஹால் சுவருக்கு எந்தப் பழுப்பு?

மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாய்வதில், சுவரெல்லாம் தலை எண்ணெய். அதனால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் என்று முடிவு செய்தோம். ஷேட் கார்டில் கடைசியாக இரண்டு மிஞ்சின. "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றார் பெயின்டர் தம்பி.

ஒன்றில்லை. ஓவிய வகுப்பில் ரா அம்பர், பர்ன்ட் அம்பர் என்று இரண்டு வண்ணம் வைத்திருப்போம், நினைவிருக்கிறதா? முதலாவது, இரும்பும் மாங்கனீசும் கலந்த மண். லேசாகப் பச்சை தட்டும். அதையே சுட்டால் செம்பழுப்பாகிவிடும். களிமண் சூளையில் சிவப்பதற்கும் அந்த இரும்புதான் காரணம். நம் இரண்டு பழுப்புக்கும் இதே வித்தியாசம்தான், ஆனால் நூலிழை அளவு.

கார்டில் இருப்பது தபால்தலை அளவுத் துண்டு. அதை நம்பி நாலு லிட்டர் வாங்க முடியுமா? சின்ன டப்பா இரண்டு வாங்கி, இரண்டு சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டேன். ஓரத்தில் வெள்ளைத்தாள் வைத்தேன். பக்கத்தில் வெள்ளை இருந்தால்தான் உள்ளே ஓடும் நிறம் வெளியே வரும். காலையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரவு வெள்ளை ட்யூப்லைட்டில் ஒன்று பாசி பிடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தரை பழைய ரெட் ஆக்சைடு வேறு. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகத்தான் தெரியும்.

என் கணவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்குப் போன மாதம்தான் இடது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. வலது கண் பாக்கி. "ஏங்க, ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க" என்றேன். வலது கண்ணுக்கு இரண்டும் ஒரே காப்பிக் கலர். இடது கண்ணால் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல பச்சை இருக்கேம்மா!"

புரை விழுந்த வில்லை மஞ்சளாகிப் பழுப்பேறிவிடும். அதன் வழியாக எத்தனை வருஷமாக எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாரோ! அன்று முழுக்க என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவரச் சொல்லி, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார்.

அவருடைய சாய்வு நாற்காலிக்கு நேரெதிரே இருக்கும் சுவர் அது. இடது கண் சொன்னபடி செம்பழுப்புக்கே சொல்லிவிட்டோம். பெயின்டர் தம்பி திங்கட்கிழமை வருகிறார். அட்டைகள் இரண்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. வலது கண் கட்டு அவிழ்த்ததும் காட்டவேண்டும்.