கடுகுத் தலையணை

"இந்த வயசுல அது இருந்தா என்ன, போனா என்ன?"

2019 ஆகஸ்டில் இடது மார்பை எடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த மறுநாள், பார்க்க வந்த உறவுக்கார அம்மாள் சொன்ன ஆறுதல் இது. எனக்கு அப்போது 64 வயது. நல்ல மனசோடுதான் சொன்னார். அக்குளுக்குக் கீழே செருகிய குழாயின் முனையில் ஒரு டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சேரும் சிவந்த நீரைக் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். அன்று காலை 80 மில்லி. அது நன்றாகக் குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நோட்டையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அஞ்சலக கவுன்ட்டரில் 30 வருஷம் உட்கார்ந்து யாருக்கும் பதில் சொல்லத் தயங்காதவள், அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

கட்டி இருப்பது எனக்குச் சித்திரையிலேயே தெரியும். குளிக்கும்போது சோப்புக் கையில் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் வளைகாப்பு முடியட்டும் என்றேன். பிறகு குழந்தை பிறக்கட்டும் என்றேன். பிறந்த பிறகு பத்தியச் சமையல், தீட்டுத் துணி, ராத்திரி விழிப்பு. பேரன் தலை உருண்டையாக வரவேண்டுமென்று பழைய வாயில் புடவையைக் கிழித்துக் கடுகுத் தலையணை தைத்தேன். கட்டி இருந்த பக்கத்திலேயே அவனைச் சாய்த்துத் தூங்கவைத்தேன். இப்படி மூன்றரை மாதம் போயிற்று. மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வலித்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன்.

ஆபரேஷன், எட்டு கீமோ எல்லாம் முடிந்து 2020 மார்ச் 12ஆம் தேதி வியாழக்கிழமை கதிர்வீச்சு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. "உனக்கு எத்தனை கரண்ட்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு 25. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று. மார்பில் மையால் கோடு போட்டு அனுப்புவார்கள், அது அழியாமல் குளிக்க வேண்டும். மெஷின் அறைக்குள் இருப்பது சில நிமிஷம்தான். வெளியே பெஞ்சில் காத்திருப்பது இரண்டு மூன்று மணி நேரம்.

அந்தப் பெஞ்சில்தான் அவர்கள் இருவரும் கிடைத்தார்கள். அங்கே பேரைவிட ஊர்தான் முதலில் வரும். செங்கல்பட்டு அம்மாவுக்கு 72 வயது, பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக் கடை வைத்திருந்தவர். பண்ருட்டி அக்காவுக்கு 68, முந்திரி உடைத்து உடைத்து விரல் நுனிகள் கறுத்துப்போனவர். மூன்று பேர் தலையிலும் அப்போதுதான் கட்டைவிரல் நகம் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது.

"நான் தீபாவளி போவட்டும்னு பார்த்தேன், அப்புறம் பொங்கல் போவட்டும்னு பார்த்தேன்" என்றார் அம்மா.

"எனக்கு முந்திரி சீசன்" என்றார் அக்கா.

நான் வளைகாப்புக் கதையைச் சொன்னேன். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத இரண்டு பேரிடம் சொன்னேன். இருவரும் "அடடா" என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 24ஆம் தேதி மாலை 6 மணியோடு தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு வந்தது. அன்றைக்கு நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. எனக்கு 9 கரண்ட் முடிந்திருந்தது. அம்மாவுக்கு இன்னும் 11, அக்காவுக்கு 14. அம்மா தினமும் மின்சார ரயிலில் வந்துபோகிறவர், அது முந்தின நாளே நின்றுவிட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தார். நோயாளி இருக்கக்கூடாது, கொரோனா வரும் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கரண்டை நடுவில் விடக்கூடாது. விட்டால் அதுவரை வைத்ததன் பலன் குறையும். 24ஆம் தேதி மத்தியானமே பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்தோம். மேற்கு மாம்பலத்தில் என் வீடு இரண்டு அறை. கணவர் இல்லை, மகள் பெங்களூரில். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஏறி வந்துவிட்டோம்.

பிறகு 25 நாள் அந்த வீட்டில் நடந்ததைத்தான் நான் எழுத விரும்பினேன்.

தெருக்கோடி ஆட்டோக்காரத் தம்பி தினமும் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எங்களை அழைத்துப்போனார். முதல் நாள் பாலத்தடியில் மறித்த போலீஸ்காரர் எங்கள் தலைகளைப் பார்த்துவிட்டு, "கோயிலெல்லாம் மூடிட்டாங்களே, எங்கம்மா மொட்டை போட்டீங்க?" என்று கேட்டார். தம்பி கடிதத்தைக் காட்டினார். அவர் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மறுநாளிலிருந்து எங்கள் வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே தடுப்பைத் தள்ளி வைத்துவிடுவார்.

வீட்டில் எல்லாமே கைகளைப் பற்றிய கணக்குதான். அம்மாவுக்கு வலது பக்கம் ஆபரேஷன். நெறிகட்டிகளையும் எடுத்ததால் கை வீங்கியிருந்தது. கனமான எதையும் அந்தக் கையால் தூக்கக்கூடாது. வாழ்நாள் முழுக்க அதில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இடது கை உயராது. அக்காவுக்கும் இடதுதான். ஆக மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று நல்ல கை. நான் குக்கரைத் தூக்க, அக்கா வடிக்க, அம்மா இடது கையால் மாவு கரைத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே உப்புச் சொல்லுவார். ரேஷன் கடையில் கொடுக்கும் ஆயிரம் ரூபாயை மகன் வாங்கினானா என்று தினம் இரண்டு தடவை ஊருக்குப் போன் போடுவார். என் ரவிக்கையின் முதுகுக் கொக்கியை அக்கா மாட்டிவிடுவார். என் அண்ணி நான் போனால் மட்டும் காகிதக் கப்பில் காபி தருவதை நான் சொன்ன அன்று, அம்மா தான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை என் கையில் கொடுத்து, "மீதிய நீ குடி" என்றார். குடித்தேன்.

தினமும் காலையில் சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. அம்மாவின் கோடு பத்து நாள் ஒரே இடத்தில் நின்றது. ஏப்ரல் 5 ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு, 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்களே, அன்று நாங்களும் மாடிக்குப் போனோம். அக்கா அகல்களை ஏற்ற, அம்மா ஒன்றை எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். வைத்த பிறகுதான் அது வலது கை என்பதை மூவரும் கவனித்தோம். அம்மா அந்தக் கையை இறக்காமல் அப்படியே சற்று நேரம் நின்றார்.

இனி கடுகு.

நான் வெளியே போகும்போது இடது பக்கம் கைக்குட்டைகளைச் சுருட்டி வைத்துக்கொள்வேன். கனம் இல்லாததால் அது நகர்ந்து நகர்ந்து கழுத்துக்கிட்டே வந்துவிடும். நாலு பேர் நடுவில் அதை இழுத்துவிட்டிருக்கிறீர்களா? அந்தக் கூச்சத்தில் நான் கல்யாணம், கோயில் எதற்கும் போவதை நிறுத்தியிருந்தேன். ஒரு பக்கம் கனம் குறைந்துபோனதில் தோள் கோணி முதுகும் வலித்தது. அக்கா ஒருநாள் அலமாரியில் பேரனின் தலையணையைப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா சும்மா கெடக்குது?"

"அவனுக்குத் தலை நின்னாச்சுக்கா."

"அப்ப குடு."

தையலைப் பிரித்துக் கடுகை முறத்தில் கொட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே துணியை மாங்காய் வடிவில் வெட்டினார். "வயசானா மாரு எதுக்குன்னு என்னையும் கேட்டாங்க. அம்பது வருசமா என் ஒடம்புல இருந்தது. எம் புள்ளைங்க குடிச்சது. போனா வருத்தப்படுவேன், என்னா தப்பு?" ஊசி நின்றது. முதல் தடவையாக அவர் அழுதார். உறவுக்கார அம்மாளுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். அந்தக் கேள்வி தவறு. 64 வயதிலும் 72 வயதிலும் அது என் உடம்பு.

அந்தத் தலையணையிலிருந்து மூன்று பேருக்கும் மார்பில் வைக்க மூன்று கடுகுப் பை வந்தது. கரண்ட் வைத்த தோல் கறுத்து உரிந்துகொண்டிருந்ததால், ஆறும் வரை வைக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னார். ஜூனில் வைத்தேன். நகரவில்லை.

ஏப்ரல் 17இல் என்னுடைய கடைசிக் கரண்ட் முடிந்தது. மறுநாள் பாஸ் வாங்கி, ஒரு வேனில் இருவரும் ஊருக்குப் போனார்கள். அதன்பின் தினமும் இரவு எட்டு மணிக்குப் போன். லெட்ரசோல் மாத்திரை போட்டாச்சா, மூட்டு வலி எப்படி, என்ன குழம்பு. 2021 ஜனவரி 19இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர் சாந்தா 93 வயதில் காலமான அன்று அம்மா வெகுநேரம் பேசினார். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. எங்கள் மூவருக்கும் சிகிச்சை வேறிடத்தில்தான். ஆனாலும் அந்த நோயைப் பெயர் சொல்லிப் பேச எங்கள் தலைமுறைப் பெண்களுக்குத் தைரியம் தந்தவர் டாக்டர் சாந்தா.

2022 கடைசியில் அக்காவுக்கு எலும்பில் வந்தது. 2023 மாசியில் போய்விட்டார். அம்மா இன்னும் இருக்கிறார், கடையை மருமகள் பார்க்கிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது தேவைப்பட்டால், அக்கா சொன்ன கணக்கு இது. கடுகைப் புடைத்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கட்டிக் கட்டிப் பழசான பருத்திப் புடவைதான் வேண்டும், இரண்டு உறையாகத் தையுங்கள், மேலுறையை மட்டும் துவைக்கலாம். எவ்வளவு கடுகு என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். இன்னொரு பக்கத்தின் கனம் அவருக்குத்தான் தெரியும்.