ரத்தத்துல ஈஸ்ட்டா? பேரைக் கேளுங்க!

ஐசியூவில் இருக்கும் அப்பாவோட ரத்தத்துல ஈஸ்ட் வளர்ந்திருக்குன்னு டாக்டர் சொல்றார். "அதான் ஃப்ளுகோனசோல் இருக்கே!"ன்னு தோணுதா?

எல்லா ஈஸ்ட்டும் அதுக்கு அடங்காது. காண்டிடா க்ரூசை இயல்பிலேயே அடங்காது. 2009ல் ஜப்பானில் ஒரு பெண்ணின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட காண்டிடா ஆரிஸும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதனால லேப்ல சின்னச் சின்னக் குழிகளில் மருந்தைப் பாதி பாதியாக் குறைச்சு வெச்சு, எல்லாத்துலயும் அந்த ஈஸ்ட்டை விடுவாங்க. 35 டிகிரி, 24 மணி நேரம். எந்தக் குறைந்த அளவுல வளர்ச்சி அடங்குதோ, அதுதான் எம்ஐசி.

அதுவரை நாங்க சும்மா இருக்க மாட்டோம். பொதுவா எக்கினோகேண்டின் ஊசியை ஆரம்பிச்சிடுவோம். மாத்திரைக்கு மாறலாமா, வேண்டாமான்னு சொல்றதுல அந்த ரிப்போர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே, "என்ன ஈஸ்ட், எந்த மருந்து கேட்கும்னு ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர்?"னு தயங்காம கேளுங்க. நான் லேபுக்குப் போன் போட்டாலும் அதைத்தான் கேட்பேன்.